அது பட்டாளத்துக் கோபம் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் ‘குடிபோதையில் முன்னாள் ராணுவ வீரர் ரகளை’ என்று ஆறு வரிச் செய்தி ஒன்று வந்திருந்தது. அடிபட்டவர் பக்கம்தான் நியாயம், அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் அதைப் படித்துவிட்டு என் வீட்டுக்காரர், “பட்டாளத்துக் கோபம், வேறென்ன” என்று சிரித்தார் பாருங்கள், அந்தச் சொல்லைக் கேட்டுக் கேட்டே வளர்ந்தவள் நான். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அப்பா பட்டாளத்துக்காரர். எங்கள் வேலூர்ப் பக்கத்தில் இது பெரிய விஷயமே இல்லை, கம்மவான்பேட்டை மாதிரி வீட்டுக்கு ஒருவராவது ராணுவத்தில் இருக்கும் ஊர்கள் உள்ள மாவட்டம் இது. 1974-ல் சேர்ந்தார், 1991-ல் பென்ஷன் வந்துவிட்டார். அப்போது அவருக்கு வயது 36. நடுவில் 1987 அக்டோபரிலிருந்து இரண்டு வருஷத்துக்கு மேல் இலங்கையில், அமைதிப்படையில் இருந்தார். அங்கிருந்து வந்த இன்லேண்டு லெட்டர்களில் ‘56 ஏபிஓ’ என்ற ராணுவத் தபால் முகவரியைத் தவிர எதுவும் இருக்காது. நலம், நலமறிய ஆவல், பிள்ளைகள் படிக்கிறார்களா, அவ்வளவுதான்.

இன்றைய பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். 1987 ஜூலை 29-ல் ராஜீவ் காந்தியும் இலங்கை அதிபர் ஜெயவர்தனாவும் ஒப்பந்தம் போட்டார்கள். அமைதி காக்க என்று போன படை அக்டோபரில் புலிகளோடு சண்டையில் இறங்கியது. அந்த மாதத்துத் தீபாவளி நாளில் யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குள் டாக்டர், நர்சு, படுத்திருந்த நோயாளி என்று பார்க்காமல் சுட்டதும் நம் படைதான். 1990 மார்ச் 24-ல் மொத்தமாகத் திரும்பியபோது படையில் கிட்டத்தட்ட 1,200 பேர் செத்திருந்தார்கள். கடைசியாக வந்து இறங்கியவர்களை வரவேற்க அன்றைய முதல்வர் கருணாநிதி சென்னைத் துறைமுகத்துக்குப் போகவில்லை. அதற்கு அவருக்குக் காரணம் இருந்தது, தமிழ்நாட்டில் நிறையப் பேருடைய மனசும் அன்றைக்கு அப்படித்தான் இருந்தது.

அப்பா அதற்குச் சில வாரம் முன்பே வந்துவிட்டார். டிரங்குப் பெட்டியோடு பஸ்ஸை விட்டு இறங்கியவரை டீக்கடையில் இருந்த ஒருவர், தெரிந்தவர்தான், “என்னப்பா, எத்தனை தமிழனைச் சுட்ட?” என்று கேட்டாராம். இதை அப்பா சொல்லவில்லை, கூடப் போயிருந்த என் சித்தப்பா சொன்னார். அப்பா பதில் பேசாமல் டீக்குக் காசு கொடுத்துவிட்டு, டீயைக் குடிக்காமலே வந்துவிட்டாராம். அதற்கப்புறம் சாகும்வரை அந்தக் கடைப் பக்கம் அவர் போனதில்லை.

வீட்டில் நாங்கள் பார்த்தது இவ்வளவுதான். தூங்குகிறவரைத் தொட்டு எழுப்பக் கூடாது, கால்மாட்டில் நின்று தூரத்திலிருந்துதான் கூப்பிட வேண்டும் என்று அம்மா சொல்லி வைத்திருந்தார். தம்பி ஒரு நாள் மறந்துபோய்த் தோளைத் தொட்டுவிட்டான், கழுத்தில் பதிந்த விரல் தடம் இரண்டு நாள் இருந்தது. தீபாவளிக்கு முந்தின நாளே அப்பா கிளம்பி எங்கேயாவது போய்விடுவார், வெடிச் சத்தம் அடங்கியதும் வருவார். அந்த ஆஸ்பத்திரியில் அவர் இருந்தாரா என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை. கேட்டு, ஆமாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்ற பயம்தான்.

பென்ஷன் வந்ததும் ஒரு வங்கியில் கன்மேன் வேலை கிடைத்தது. எல்லோரும் பகல் டியூட்டிக்கு அடித்துக்கொண்டபோது இவர் மட்டும் நைட் டியூட்டி கேட்டு வாங்கினார். எவ்வளவு உழைக்கிறார் பாருங்கள் என்று சொந்தக்காரர்கள் மெச்சினார்கள். ராத்திரியில் தூக்கம் வராத மனிதருக்கு, முழித்திருப்பதற்கே சம்பளம் தருகிற வேலை. நோயும் வேலையும் அப்படிப் பொருந்திப்போனதால் வருஷக் கணக்கில் அது நோய் என்றே எங்களுக்குத் தெரியாமல் போனது.

அப்புறம் அவரைப் பகல் டியூட்டிக்கு மாற்றினார்கள். 2002 என்று நினைவு. பக்கத்து இலங்கை அகதிகள் முகாமிலிருந்து (இப்போது மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள்) ஒரு வயதான அம்மா வங்கிக்கு வந்து, வாசலில் நின்ற இவரிடம், “தம்பி, இந்தப் படிவத்தை எங்க குடுக்கிறது?” என்று கேட்டிருக்கிறார். அந்தப் பேச்சைக் கேட்டதும் அப்பா துப்பாக்கியைச் சுவரில் சாய்த்துவிட்டுப் பின்பக்கம் போய் உட்கார்ந்துவிட்டார். அரை மணி நேரம். துப்பாக்கியை விட்டுப் போனதற்கு மெமோ கொடுத்தார்கள், கொடுக்கத்தான் செய்வார்கள். அன்றைக்கு ராத்திரிதான் அம்மாவிடம் முதலும் கடைசியுமாக ஒன்று சொன்னார். “மத்த ரெஜிமெண்ட் பசங்களுக்கு அங்க அழுறது மட்டும்தான் கேட்டுச்சு. எனக்கு என்ன சொல்லி அழுறாங்கன்னும் புரிஞ்சுது.” மறுநாள் அம்மா அதைப்பற்றிக் கேட்டபோது அப்படி எதுவும் சொல்லவே இல்லை என்றார்.

2014-ல் மாரடைப்பில் போனார். கடைசிவரை அவரை யாரும் ஒரு மனநல டாக்டரிடம் கூட்டிப் போகவில்லை, நானும்தான். போருக்குப் போய் வந்தவர்களுக்கு வரும் இந்தக் கோளாறை, வியட்நாமிலிருந்து திரும்பிய சிப்பாய்களைப் பார்த்துப் பார்த்து, அமெரிக்க மனநல மருத்துவர்கள் 1980-லேயே பி.டி.எஸ்.டி. (பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மனக்கோளாறு) என்று பெயர் வைத்துத் தங்கள் நோய்ப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். திடுக்கிட்டு எழுவது, வெடிச் சத்தம் ஆகாதது, நினைவூட்டுகிற இடத்தையும் ஆளையும் தவிர்ப்பது, பெற்ற பிள்ளையிடம்கூட மரத்துப்போய் இருப்பது என்று அதில் எழுதியிருப்பதைப் படித்தபோது யாரோ எங்கள் வீட்டுக்குள் வந்து பார்த்துவிட்டு எழுதியது மாதிரி இருந்தது. போர்க்களம் போனவர் எல்லோருக்கும் இது வருவதில்லை. அப்பாவோடு சேர்ந்தவர்கள் பலர் விவசாயம், மளிகைக் கடை என்று நன்றாகவே இருக்கிறார்கள்.

சரி, ராணுவத்தில் இருக்கும்போதே ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். ராணுவத்தில் உடல் தகுதியை ‘ஷேப்’ என்று ஆங்கிலத்தில் ஐந்து எழுத்துகளில் குறிப்பார்கள், அதில் முதல் எழுத்தே மனநிலைக்குத்தான். காது, கை கால், மற்ற உடம்பு, கண் எல்லாம் அதற்குப் பிறகு. அந்த முதல் எழுத்தில் ஒரு புள்ளி இறங்கினால் ‘லோ மெடிக்கல்’, அதாவது தகுதி குறைந்தவர் என்று ஆகிவிடும், பிரமோஷன் நின்றுவிடும் என்ற பயத்தில் தூக்கம் வரவில்லை என்று எந்த ஜவானும் வாயைத் திறப்பதில்லை. வெளியே வந்த பிறகோ கேட்க ஆளில்லை.

ஆள் இல்லை என்று சொல்வதும் முழு உண்மை இல்லை. பென்ஷன் வந்தவரை அரசாங்கம் ஒழுங்காகப் பார்க்கிற இடங்கள் உண்டு. ஒன்று கேண்டீன், அங்கே அவருடைய ரம் கோட்டா மாதம் தவறாமல் கிடைக்கும். இன்னொன்று உயிரோடு இருக்கிறேன் என்று வருஷா வருஷம் கொடுக்கிற ஆயுள் சான்று. 2003-லிருந்து முன்னாள் படைவீரர்களுக்கென்று தனி மருத்துவத் திட்டமும் பாலிகிளினிக்கும் இருக்கின்றன, அங்கே சர்க்கரை பார்க்கிறார்கள், பிரஷர் பார்க்கிறார்கள். எங்கள் அப்பா இந்த வரிசைகளில் எல்லாம் வருஷக் கணக்கில் நின்றவர். “ராத்திரி தூங்குறீங்களா?” என்று ஒருவர்கூட அவரைக் கேட்டதில்லை. ரம் மட்டும் கொடுத்தார்கள். தூங்குவதற்கு அவருக்குத் தெரிந்த ஒரே மருந்தும் அதுதான்.

நான் கேட்பது பெரிய திட்டம் ஒன்றும் இல்லை. ஆயுள் சான்று கொடுக்க வருகிறவரிடம் நாலு கேள்வி கேளுங்கள், வீட்டம்மாவிடம் தனியாக இரண்டு கேள்வி கேளுங்கள். அம்மாவைக் கேட்டிருந்தால் 1991-லேயே எல்லாம் சொல்லியிருப்பார். இப்போது ஆயுள் சான்றை ஆன்லைனில் கொடுத்துவிடலாம் என்று வந்துவிட்டது, வயதானவர்களுக்கு வசதிதான், ஆனால் முகத்தைப் பார்க்கிற அந்த ஒரு நாளும் போய்விடுகிறது.

இதை இப்போது எழுத இன்னொரு காரணம் அக்னிவீரர்கள். 2022 ஜூனில் அறிவித்த திட்டம். நாலு வருஷ வேலை, அதிகபட்சம் 25 சதவீதம் பேரை வைத்துக்கொள்வார்கள், மற்றவர்கள் ஏறக்குறைய 11.71 லட்சம் ரூபாயோடு வீட்டுக்கு வரவேண்டும். முதலில் சேர்ந்த அணிக்கு 2026 கடைசி, 2027 தொடக்கத்தில் நாலு வருஷம் முடிகிறது. திட்டம் சரியா தவறா என்ற சண்டைக்கு நான் வரவில்லை. ஆனால் பென்ஷன் இல்லையென்றால் ஆயுள் சான்றும் இல்லை. முன்னாள் படைவீரர் என்ற அந்தஸ்து கிடையாது, கேண்டீன் கிடையாது, அந்த மருத்துவத் திட்டமும் கிடையாது. அப்பாவையாவது வரிசையில் வைத்துப் பார்த்தார்கள். எல்லையில் எதையாவது பார்த்துவிட்டு 22, 23 வயதில் திரும்பப்போகும் இந்தப் பிள்ளை எந்த வரிசையில் வந்து நிற்பான்? கொஞ்ச நாள் கழித்து உங்கள் மாவட்டப் பக்கத்தில்தான் வருவான், ஆறு வரியில்.

அதனால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். தற்கொலைச் செய்தி போட்டால் கீழே கட்டம் கட்டி உதவி எண் போடுகிறீர்கள் அல்லவா, அதே மாதிரி முன்னாள் ராணுவ வீரர் குடித்தார், அடித்தார் என்று செய்தி வரும்போதும் ஒரு வரி சேருங்கள். டெலி மானஸ் என்கிற அரசாங்க மனநல உதவி தொலைபேசி, எண் 14416. 24 மணி நேரமும் இலவசம், தமிழிலும் பேசுகிறார்கள். 2023 டிசம்பரில் ராணுவத்தினருக்கும் அவர்கள் குடும்பத்தாருக்கும் என்றே புனே ராணுவ மருத்துவக் கல்லூரியில் இதற்குத் தனிப் பிரிவு தொடங்க ஏற்பாடு செய்தார்கள், எங்கள் ஊரில் பத்துப் பட்டாளத்து வீடுகளில் கேட்டுப் பார்த்தேன், ஒரு வீட்டுக்கும் அது தெரியவில்லை. எண்ணைக் கொஞ்சம் பெரிய எழுத்தில் போடுங்கள், பேப்பரை முதலில் கையில் எடுப்பது பெரும்பாலும் அந்தப் பட்டாளத்துக்காரர்தான் என்றாலும், அவர் வெளியே போன பிறகு அந்தப் பக்கத்தை மடித்து எடுத்து வைக்கப்போவது வீட்டம்மா.

இப்படிக்கு,
ஒரு பட்டாளத்துக்காரர் மகள்,
வேலூர் மாவட்டம்.