விசாலத்துக்கு: போழொலே வந்த வியாழக்கிழமை

கிரெத்தேய்
23-11-2025

அன்புள்ள விசாலம்,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. அம்மாவைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், சாயங்காலம் வரை கூடவே இருந்து, ஆட்டோ பிடித்து வீட்டில் விட்டுவிட்டு வந்தாயாமே. அம்மா போனில் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள். பெற்ற மகள் ஏழு கடல் தாண்டி உட்கார்ந்திருக்க, அந்த வேலையை நீ செய்கிறாய். நன்றி என்று எழுதினால் நீ கோபித்துக்கொள்வாய். அதனால் விட்டுவிடுகிறேன்.

இந்த வாரம் ஒரு காரியம் செய்தேன். அதை முதலில் உன்னிடம்தான் சொல்ல வேண்டும். வியாழக்கிழமை மாலை ஒரு ஒயின் கடைக்குள் போய் உட்கார்ந்தேன். ஒரு கிளாசு குடித்தேன். ஐம்பத்து நான்கு வயதில், முதல் முறையாக.

பிரான்சுக்கு வந்து 28 வருஷம் ஆகிறது. மேசையில் ஒயின் இல்லாத விருந்து இங்கே கிடையாது. என் வீட்டுக்காரர் பக்கம் சொல்தா குடும்பம், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்கள், கல்யாணம் கார்த்தி எதுவென்றாலும் பாட்டில் இருக்கும். நான் மட்டும் கிளாசைக் கவிழ்த்து வைத்துவிடுவேன். உடம்புக்கு ஆகாது என்பேன். உண்மைக் காரணம் உனக்குத்தான் தெரியும். முத்தியால்பேட்டையில் அந்தச் சாராயக் கடைக்கு எதிரே, பூவரச மரத்தடியில் என்னோடு நின்றவள் நீ ஒருத்திதான். மில்லில் சம்பளம் போட்ட நாளென்றால், "போய் அப்பாவைக் கூட்டிட்டு வா" என்று அம்மா அனுப்புவாள். தனியாகப் போகப் பயந்து உன் வீட்டு வாசலில் வந்து நிற்பேன். நீ ஒன்றும் கேட்காமல் செருப்பைப் போட்டுக்கொண்டு வருவாய். சாக்குப் படுதா விலகும்போதெல்லாம் உள்ளே தெரியும்: சுவரைப் பார்த்தபடி நிற்கும் ஆட்கள், ஒரே மடக்கில் ஊற்றிக்கொள்வது, முகத்தைச் சுளித்து ஊறுகாயைத் தொட்டு நக்குவது. அப்பா சைக்கிளைப் பிடிக்க முடியாமல் வெளியே வருவார். சைக்கிளை நீ தள்ளுவாய், அப்பாவை நான் பிடித்துக்கொள்வேன். அப்போது நமக்குப் பன்னிரண்டு வயது.

சரி, வியாழக்கிழமைக்கு வருகிறேன்.

பள்ளிக்கூடச் சமையல்கூடத்தில் என்னோடு வேலை பார்க்கும் பெரியம்மாவைப் பற்றி முன்பே எழுதியிருக்கிறேன், ஞாபகம் இருக்கிறதா? வெங்காயம் உரிக்கும்போது பாடுவாளே, அவள்தான். டிசம்பரோடு ஓய்வு பெறுகிறாள். அவளுக்குச் சொந்த ஊர் லியோன் நகருக்கு வடக்கே போழொலே மலைப்பக்கம், மோர்கோன் ஒயின் விளைகிற வில்லியே-மோர்கோன் கிராமத்துக்குப் பக்கம். தாத்தா காலத்திலிருந்து திராட்சைத் தோட்டக்காரர்கள். நவம்பர் மாதம் மூன்றாவது வியாழக்கிழமை அந்த வருஷத்துப் போழொலே புது ஒயினை முதன்முதலாக விற்கலாம் என்று இங்கே சட்டம். முன்பெல்லாம் 15-ஆம் தேதி என்று இருந்ததாம், 1985-இலிருந்து வியாழக்கிழமை ஆக்கிவிட்டார்கள். அன்றைக்கு அவள் எங்கிருந்தாலும் ஒரு கிளாசு குடிக்காமல் இருக்கமாட்டாள். "நான் பாரீசில் இருக்கிற கடைசி வருஷம் இது. நீ குடிக்க வேண்டாம், பக்கத்தில் உட்கார்" என்றாள். எட்டு வருஷம் ஒரே அடுப்படியில் நின்றவள் அப்படிக் கேட்கும்போது எப்படி மறுப்பது?

எங்கள் ஊரிலிருந்து எட்டாம் நம்பர் மெத்ரோ நேராகப் போகிறது. லெத்ரூ-ரோலான் நிலையத்தில் இறங்கி நடந்தால் அலீக்ர் சந்தை. காலையில் வந்தால் நம் பெரிய மார்க்கெட் மாதிரியே கூச்சலும் தள்ளுமுள்ளுமாக இருக்கும். மாலையில் கடைகள் எல்லாம் எடுத்தாகி, கழுவிவிட்ட தரை மட்டும் விளக்கில் மினுங்கிக்கொண்டிருந்தது. பக்கத்துத் தெருவில் லெ பரோன் ரூழ் என்று பேர்போன ஒயின் கடை இருக்கிறது. ஆள் உயரத்துக்குப் பீப்பாய்களை அடுக்கி வைத்திருக்கிறார்கள். வீட்டிலிருந்து காலிப் பாட்டில் கொண்டுபோனால் நாம் எண்ணெய்க்கடையில் வாங்குவோமே, அப்படிப் பிடித்துக்கொடுப்பார்கள். குளிர்காலத்தில் வாரக் கடைசியில் தெருவிலேயே பீப்பாயைச் சுற்றி நின்று சிப்பி சாப்பிடுவார்கள். அன்றைக்கு அங்கே கால் வைக்க இடமில்லை. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு இரண்டு தெரு தள்ளி ஒரு சின்னக் கடைக்குக் கூட்டிப்போனாள்.

வாசலில் நின்றபோது எனக்குக் கால் எழவில்லை விசாலம். பொய் சொல்லவில்லை. கதவு கண்ணாடிக் கதவுதான், உள்ளே எல்லாம் தெரிகிறது, பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், ஒரு கைக்குழந்தை தள்ளுவண்டியில் தூங்குகிறது. ஆனாலும் அந்தச் சாக்குப் படுதாதான் கண்ணுக்குத் தெரிந்தது. அவள் அவசரப்படுத்தவில்லை. குளிரில் என் பக்கத்திலேயே நின்றாள். அந்த நேரத்தில் உன்னைத்தான் நினைத்தேன்.

உள்ளே மொத்தம் எட்டு மேசை. நீளமாக ஒரு தகடு போர்த்திய மேடை, அதை இங்கே "சாங்" என்பார்கள், துத்தநாகம் என்று அர்த்தம். சுவரில் கரும்பலகை, அதில் அன்றன்றைக்கு உள்ள ஒயின்களும் விலையும் சுண்ணாம்புக் கட்டியில் எழுதியிருந்தது. ஒரு கிளாசு 4 யூரோ 50. விளக்குகள் மஞ்சளாக, தாழ்வாகத் தொங்கின. நாற்காலிகள் ஒன்றோடு ஒன்று இடித்துக்கொண்டு கிடந்ததால் பக்கத்து மேசைக்காரரின் கோட்டு என் மடியில் விழுந்தது. அவர் மன்னிப்புக் கேட்டார். அப்படியே பேச்சு தொடங்கிவிட்டது. கேட்காமலேயே ஒரு குடுவையில் குழாய்த் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்கள்.

கடைக்காரர் கொண்டுவந்த கிளாசில் ஒயின் கால்வாசிதான் இருந்தது. நாவல்பழம் தின்றால் நாக்கு ஒரு நிறமாகுமே, ஓரத்தில் அந்த ஊதா. "முகர்ந்து மட்டும் பார்" என்றாள். மூக்கருகே கொண்டுபோனேன். பூவன்பழ வாசனை. உங்கள் வீட்டுக் கொல்லையில் தார் பழுக்கும்போது கூடம் முழுக்க வருமே, அதே வாசனை. தவறாகச் சொல்கிறேனோ என்று பயந்துகொண்டே "வாழைப்பழம்" என்றேன். கடைக்காரர் போனவர் திரும்பி வந்துவிட்டார். "சரியாகச் சொன்னீர்கள்" என்று காரணமும் சொன்னார். இந்த ஒயினுக்குத் திராட்சையை மிதிப்பதில்லையாம். குலை குலையாக அப்படியே தொட்டியில் போட்டு மூடிவிடுவார்கள். உள்ளே கரியமிலவாயு நிறைந்து, காற்று இல்லாமல், பழம் உடையாமலே அதன் தோலுக்குள்ளேயே புளிக்க ஆரம்பிக்கும். அப்படிப் புளிக்கும்போது வருகிற வாசனைதான் அது. குலை சிதையக் கூடாது என்பதால் அறுவடை கையால்தான், மிஷின் ஆகாது. செப்டம்பரில் பறித்தது நவம்பரில் கிளாசில். நம் ஊரில் வாழைத்தாருக்கு மூட்டம் போடுவதைச் சொன்னேன். ஒன்றுக்கொன்று அதே இல்லை என்றாலும், பழத்தை மூடிவைத்துக் காத்திருக்கிற அந்தப் பக்குவம் அவருக்குப் பிடித்திருந்தது, இரண்டு தடவை கேட்டுத் தெரிந்துகொண்டார்.

இந்தத் திராட்சை இனத்துக்கு காமே என்று பேர். 1395-ஆம் வருஷம் புர்கோன் நாட்டுப் பிரபு பிலிப் என்பவர், இது கெட்ட செடி, விசுவாசமில்லாத செடி என்று சொல்லி, எல்லாவற்றையும் பிடுங்கி எறியச் சொல்லிக் கட்டளை போட்டிருக்கிறார். காய்ப்பு அதிகம், தரம் போதாது என்பது அவர் எண்ணம். அங்கே விரட்டப்பட்டது தெற்கே இவள் ஊர்ப்பக்கம் கருங்கல் மலைச்சரிவில் நன்றாக வேர் பிடித்துக்கொண்டது. இதைச் சொல்லும்போது அவள் குரலில் ஒரு பெருமை. தன் வீட்டுப் பெண்ணைப் பற்றி யாரோ பேசியதற்குப் பதில் சொல்கிற மாதிரி இருந்தது. ஆறு நூற்றாண்டு ஆகியும் அந்தக் கோபம் ஆறவில்லை.

அப்புறம் நான் குடித்தேன். இனிப்பாக இருக்கும் என்று நினைத்திருந்தேன், இல்லை. புளிப்பு, லேசான துவர்ப்பு. பாதிப் பழுத்த நாவல்பழத்தைக் கடித்த மாதிரி. தொண்டை எரியவில்லை. எரியும் என்று இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்பா முகம் சுளித்ததைப் பார்த்ததால் வந்த நினைப்பு.

பலகையில் பன்றி இறைச்சி வற்றல், ஆட்டுப்பால் பாலாடைக்கட்டி, கோந்த்தே எல்லாம் வைத்தார்கள். கோந்த்தேயும் ஒரு பாலாடைக்கட்டிதான், அதைப் பற்றி உனக்கு எழுதியே ஆக வேண்டும். ஒரு சக்கரம் 40 கிலோ வரும், அதற்கு 400 லிட்டர் பால் வேண்டும். காய்ச்சாத பசும்பால். குறைந்தது நான்கு மாதமாவது நிலவறையில் கிடக்க வேண்டும், எங்களுக்கு வந்தது இரண்டு வருஷம் பழையது. மெல்லும்போது பல்லில் நெறுநெறு என்று ஏதோ படுகிறது. உப்புக்கல் என்று நினைத்தேன். உப்பு இல்லை, பாலின் புரதம் நாளாக நாளாக உடைந்து அப்படி மணியாகத் திரளுமாம். சமையல்காரிக்கு இதைவிட நல்ல செய்தி வேறென்ன வேண்டும்?

மேடைக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு அறிவிப்புத் தாள் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. நான் எழுந்துபோய் நின்று படித்தேன். பொது இடத்துக் குடிபோதையைத் தடுக்கும் சட்டம். முதலில் வந்தது 1873-இல். இதைக் கடையில் ஒட்டியே ஆக வேண்டுமாம். போதையில் இருப்பது வெளிப்படையாகத் தெரிகிற ஆளுக்கு ஊற்றிக்கொடுக்கக் கூடாது, கொடுத்தால் கடைக்காரருக்குத் தண்டனை. அந்த வரியை மட்டும் மூன்று தடவை படித்தேன் விசாலம். அப்பாவைப் பார்த்து "போதும், வீட்டுக்குப் போங்க" என்று அந்தக் கடையில் ஒரு ஆள், ஒரே ஒரு நாள் சொல்லியிருந்தால்? சொல்லியிருந்தாலும் அவர் கேட்டிருப்பாரா, தெரியாது. ஆனால் சொல்ல வேண்டியது விற்கிறவனின் கடமை என்று எழுதிவைத்த ஒரு காகிதத்தை அன்றைக்குத்தான் முதல் முறையாகப் பார்த்தேன்.

இவர்கள் எல்லாம் அளவாகக் குடித்து அழகாக வாழ்கிறவர்கள் என்று நினைத்துவிடாதே. 2015-ஆம் வருஷக் கணக்குப்படி இந்த நாட்டில் குடியால் சாகிறவர்கள் ஆண்டுக்கு 41,000 பேர். எங்கள் பெரியம்மா அன்றைக்குச் சொன்ன இன்னொன்றைக் கேள். 1956 வரை பள்ளிக்கூடச் சாப்பாட்டு மேசையில் சின்னப் பிள்ளைகளுக்கே தண்ணீர் கலந்து ஒயின் கொடுப்பார்களாம். அந்த வருஷம்தான் 14 வயதுக்குக் கீழே கூடாது என்று அரசு தடுத்தது. அவள் அண்ணன்மார் குடித்து வளர்ந்தவர்கள். அதில் ஒருவர் ஈரல் கெட்டு நாற்பத்தாறு வயதில் போய்விட்டார். அதைச் சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் கிளாசின் காலைத் திருகிக்கொண்டே இருந்தாள். நானும் அப்பாவைப் பற்றிச் சொன்னேன். எட்டு வருஷத்தில் சொல்லாததை அன்றைக்குச் சொன்னேன். அவள் சமாதானம் ஒன்றும் சொல்லவில்லை. கடைக்காரரைக் கூப்பிட்டு, தன் ஊர் மோர்கோனில் ஒரு கிளாசு வாங்கி, இரண்டு பேருக்கும் நடுவில் வைத்தாள்.

மோர்கோனும் அதே காமே பழம்தான், ஆனால் பல வருஷம் வைத்திருக்கலாம். அங்கே மண்ணை "அழுகிய பாறை" என்றே சொல்வார்களாம். பாறை பொடிந்து பொடிந்து கிடக்கும். அந்த ஒயின் வயதாகி ஆழமாவதைச் சொல்ல ஊர்ப் பெயரிலிருந்தே ஒரு வினைச்சொல் வைத்திருக்கிறார்கள், "மோர்கொன்னேர்" என்று. சேலம் மாம்பழத்தைப் பற்றிச் சொல்லும்போது "இது நன்றாகச் சேலத்திருக்கிறது" என்று நாம் சொன்னால் எப்படி இருக்கும்! உனக்கு இதெல்லாம் பிடிக்கும், தமிழ் வாத்தியாரம்மா, அதனால்தான் எழுதுகிறேன்.

மூலை மேசையில் ஒரு பெரியவர் தனியாக இருந்தார். எழுபத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். நாங்கள் வரும்போதே உட்கார்ந்திருந்தார். ஒரு கிளாசு, ஒரு துண்டு ரொட்டி, செய்தித்தாள். கிளாசு காலியாக ஒன்றரை மணி நேரம் ஆனது. போகிறவர் வருகிறவர் எல்லாரும் அவர் தோளைத் தொட்டு ஒரு வார்த்தை பேசிவிட்டுப் போனார்கள். பிறகு சில்லறையை எண்ணி மேசையில் வைத்தார், மப்ளரைக் கழுத்தில் இரண்டு சுற்றுச் சுற்றினார், கதவைத் திறந்து நேராக நடந்துபோனார். கண்ணாடி வழியாக அவர் தெரு முனை திரும்பும் வரை பார்த்துக்கொண்டே இருந்தேன். அப்பாவுக்கும் மில்லில் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்தால் உட்கார ஒரு இடமும் பேச நாலு பேரும் வேண்டித்தான் இருந்திருக்கும். அவருக்குக் கிடைத்தது ஒரு சுவர். இத்தனை வருஷம் அப்பா மேல் கோபம் மட்டும்தான் இருந்தது எனக்கு. அன்றைக்கு, அவரோடு ஒரு மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசியிருக்கலாமே என்று இருந்தது. அப்படி நாங்கள் உட்கார்ந்ததே கிடையாது.

ஒன்பது மணிக்குக் கிளம்பினோம். கிளாசில் கொஞ்சம் மிச்சம் வைத்தேன். இனி அடிக்கடி குடிப்பேன் என்று தோன்றவில்லை. ஆனால் கிளாசைக் கவிழ்த்து வைக்க மாட்டேன்.

மற்றபடி இங்கே எல்லோரும் சுகம். குளிர் வந்துவிட்டது. சின்னவனுக்குப் பரீட்சை. தை பிறந்ததும் மூன்று வாரம் விடுப்பு கேட்டிருக்கிறேன், டிக்கெட் போட்டதும் எழுதுகிறேன். உன் மகள் கல்யாணத்துக்கு முதல் நாளே வந்துவிடுவேன், சீர்வரிசைத் தட்டு எடுக்க என்னை விட்டால் உனக்கு யார் இருக்கிறார்கள்? கோந்த்தேயில் ஒரு துண்டு கொண்டுவருகிறேன். முத்தியால்பேட்டைப் பக்கம் போனால் அந்தப் பூவரசு இருக்கிறதா, வெட்டிவிட்டார்களா என்று பார்த்து எழுது.

நான் இப்படிப் போய் வந்ததை அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. நீயும் சொல்லிவிடாதே. நேரில் வந்து, அவள் பக்கத்தில் உட்கார்ந்து நானே சொல்கிறேன்.

அன்புடன்,
உன் தனம்