சாலையோர வெள்ளைக் கோடும் வீட்டுக் கிணறும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மழை ஓய்ந்து வெயில் தலைகாட்டியதும், நமது குமரி மாவட்டத்துச் சாலைகளின் இருபுறமும் வெள்ளைப் பொடியால் கோடு போடுவது வழக்கமாகிவிட்டது. கோயில் கொடை, தேர்த்திருவிழா, முக்கியப் பிரமுகர் வருகை ஆகியவற்றுக்கு முந்தைய நாளும் இதே காட்சிதான். சுண்ணாம்புடன் பிளீச்சிங் பவுடரைக் கலந்து தூவும் இந்த வேலையால் சாலை பளிச்சென்று தெரியும் என்பது உண்மை. அதற்கு மேல் பயன் மிகக் குறைவு. மண்ணும் சருகும் சாணமும் பொடியிலுள்ள குளோரினை முதலில் தீர்த்துவிடும், எஞ்சியதை வெயில் சிதைத்துவிடும். அதனால் கொசுவும் ஒழிவதில்லை. தெருக்களில் கிருமிநாசினி தெளிப்பதைப் பரிந்துரைக்க இயலாது என்றும், அழுக்கு அதைச் செயலிழக்கச் செய்துவிடும் என்றும் 2020ஆம் ஆண்டு கொரோனா காலத்திலேயே உலக சுகாதார நிறுவனம் தெளிவுபடுத்தியது.

இந்தப் பொடி உண்மையில் தேவைப்படும் இடம் வீட்டுக் கிணறு. விளவங்கோடு, கல்குளம் பகுதிகளில் வீட்டுக்கொரு கிணறு இருப்பது நமக்குப் பெருமை. ஆனால், அன்று தென்னையும் பலாவும் நின்ற விளைகள் இன்று நாலைந்து சென்ட் மனைகளாகச் சுருங்கி, கிணறும் செப்டிக் டேங்கும் ஒரே மதிலுக்குள் நெருங்கிவிட்டன. தென்மேற்கு, வடகிழக்கு என இரு பருவமழையும் பெறும் மாவட்டம் இது. நிலத்தடி நீர் உயரும்போது கழிவுநீர் கிணற்றுக்குள் கசிய வாய்ப்பு மிகுதி. அண்டையிலுள்ள கேரளத்தில், தண்ணீரில் வாழும் அமீபாவால் வரும் மூளைக்காய்ச்சல் பரவியதையடுத்து, கிணறுகளில் குளோரின் இடும் பணியை அம்மாநில அரசு 2025இல் ஓர் இயக்கமாகவே நடத்தியது. நாமோ சாலையில் தூவிக்கொண்டிருக்கிறோம்.

பிளீச்சிங் பவுடர் என்பது நீற்றிய சுண்ணாம்பின் மீது குளோரின் வாயுவைச் செலுத்திச் செய்யப்படுவது. துணி வெளுப்பதற்காக 1799இல் காப்புரிமை பெற்ற இந்தப் பொடி, அடுத்த அரை நூற்றாண்டுக்குள் மருத்துவமனைக்குள் நுழைந்தது. 1847இல் வியன்னாவில் செம்மல்வைஸ் என்ற மருத்துவர், பிரசவம் பார்ப்பவர்களின் கைகளை இதன் கரைசலில் கழுவச் செய்து தாய்மார்களின் உயிரிழப்பைப் பெருமளவு குறைத்தார். தண்ணீரில் இது கரையும்போது உண்டாகும் ஹைப்போகுளோரஸ் அமிலமே கிருமிகளைக் கொல்கிறது. நல்ல பொடியில் செயல்படும் குளோரின் சுமார் 33 சதவீதம் இருக்கும். காற்று, ஈரம், வெளிச்சம் மூன்றும் அதற்குப் பகை. நம் ஊர் ஈரக்காற்றில் வாய் திறந்து கிடக்கும் சாக்கில் நாளுக்கு நாள் வீரியம் இறங்கிக்கொண்டே போகும். நெடி இன்னும் அடிக்கிறது என்பது வீரியத்துக்குச் சான்றாகாது. தயாரிப்பு நாள் அச்சிடாத உதிரிப் பொடியை வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை.

அளவு கணக்கிடுவது எளிது. ஆயிரம் லிட்டருக்கு இரண்டரை கிராம் நல்ல பொடி போதும். வெள்ளநீர் புகுந்த கிணறென்றால் ஐந்து கிராம். ஆறடி விட்டமுள்ள கிணற்றில் பத்தடி தண்ணீர் நின்றால் அது ஏறத்தாழ 8,000 லிட்டர். அதற்கு வேண்டியது 20 கிராம், வெள்ளத்திற்குப் பின் 40 கிராம். கைநிறைய அள்ளி வீசுவது இரண்டு வகையில் தவறு: அளவு தெரியாது, சுண்ணாம்பு முழுவதும் கிணற்றின் அடியில் தங்கும். பிளாஸ்டிக் வாளியில் பொடியைச் சிறிது நீர் விட்டுக் குழைத்து, பிறகு வாளி நிறையத் தண்ணீர் ஊற்றிக் கலக்கி, பத்து நிமிடம் தெளியவிட வேண்டும். தெளிந்த நீரை மட்டும் வேறொரு வாளியில் ஊற்றி, கயிற்றில் கட்டிக் கிணற்று நீருக்குள் இறக்கி, மேலும் கீழுமாக அசைத்துக் கலக்க வேண்டும். ஒரு மணி நேரம் வரை தண்ணீரை எடுக்கக் கூடாது. மாலையில் இட்டுவிட்டுக் காலையில் எடுப்பது இன்னும் நல்லது. நீர் கலங்கியிருந்தால் முதலில் இறைத்துத் தெளியவிட வேண்டும், இல்லையேல் சேறே குளோரினைத் தீர்த்துவிடும். கொசுப்புழுவைத் தின்ன மீன் விட்டிருக்கும் வீட்டார் மீனை முன்கூட்டியே எடுத்துவிடுவது நலம். கடலோரக் கிணற்றில் ஏறிய உப்பை இந்தப் பொடி நீக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆபத்தைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியவில்லை. கழிப்பறை நன்றாக வெளுக்க வேண்டும் என்று பிளீச்சிங் பவுடரைத் தூவி, அதன் மேலேயே ஆசிட்டை ஊற்றும் பழக்கம் பல வீடுகளில் உள்ளது. அப்போது கிளம்புவது குளோரின் வாயு. 1915இல் பெல்ஜியப் போர்முனையில் படைவீரர்களைக் கொன்ற அதே வாயு. காற்றைவிட ஏறக்குறைய இரண்டரை மடங்கு கனமானது என்பதால், சன்னலில்லாத குளியலறையில் தரையோடு தேங்கி நிற்கும். கண்ணெரிச்சலும் இருமலும் தொடங்கினால் உடனே வெளிக்காற்றுக்கு வந்துவிட வேண்டும். மூச்சுத்திணறல் இருந்தால் மருத்துவமனைக்குச் செல்வதைத் தள்ளிப்போடக் கூடாது. அமோனியா கலந்த துப்புரவுத் திரவங்களோடும் இதைச் சேர்க்கக் கூடாது. மண்ணெண்ணெய், எண்ணெய், உரம் ஆகியவற்றின் அருகில் வைக்கவும் கூடாது. கிருமிநாசினியை மனிதர்கள் மேல் தெளிப்பது அறவே தவறு என்று மத்திய சுகாதார அமைச்சகம் 2020 ஏப்ரலில் அறிவுறுத்தியது. அப்படியிருக்க, கையுறையும் முகக்கவசமும் இல்லாமல் தூய்மைப் பணியாளர்கள் வெறுங்கையால் இந்தப் பொடியை வாரித் தூவுவதை இன்னும் எத்தனை காலம் பார்த்துக்கொண்டிருப்பது?

எனவே, மாவட்ட நிர்வாகமும் உள்ளாட்சி அமைப்புகளும் சாலையோரத்தில் தூவும் பொடியைக் குறைத்து, தயாரிப்பு நாள் குறித்த சிறு பொட்டலங்களாகக் கிணறுள்ள வீடுகளுக்கு வழங்க வேண்டும். கிணற்றின் விட்டத்தையும் நீர் மட்டத்தையும் பார்த்தவுடன் அளவு தெரியும் வகையில் ஓர் அட்டவணையை அதனுடன் தர வேண்டும். குளோரின் இட்ட ஒரு மணி நேரத்திற்குப் பின் லிட்டருக்கு அரை மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்கிறதா என்பதை குளோரோஸ்கோப் கருவி நிறத்தைக் கொண்டே காட்டிவிடும். ஒவ்வொரு ஊராட்சியிலும் ஒரு கருவியாவது இருக்க வேண்டும். அதைக் கொண்டு மழைக்காலத்தில் வாரந்தோறும் சில கிணறுகளையாவது சோதித்து, முடிவை ஊராட்சி அலுவலகப் பலகையில் எழுதிவைக்குமாறு சுகாதாரத் துறையினரைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்,
தக்கலை.