மாணவத் தன்னார்வலர்களுக்கு மறுக்கவும் கற்றுக்கொடுக்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பேரிடர்க் காலங்களிலும் மருத்துவ முகாம்களிலும் தூய்மைப் பணிகளிலும் மாணவர்கள் தன்னார்வலர்களாகத் தொண்டாற்றுவதைப் பாராட்டித் தங்கள் இதழ் தொடர்ந்து செய்திகள் வெளியிட்டு வருகிறது. அந்தப் பாராட்டுக்கு அவர்கள் முழுத் தகுதி உடையவர்கள். ஆயினும், களத்துக்கு அனுப்புவதற்கு முன் அவர்களுக்கு நாம் என்ன கற்றுக்கொடுத்தோம் என்ற கேள்வியை யாரும் எழுப்புவதாகத் தெரியவில்லை. எத்தனை மணிக்கு வர வேண்டும், என்ன உடை அணிய வேண்டும், எங்கே கையெழுத்திட வேண்டும் என்பவற்றைச் சொல்லி முடித்ததும் பயிற்சி முடிந்துவிட்டதாகப் பல இடங்களில் கருதப்படுகிறது. மாணவர் தொண்டுப் பணிகளில் நெடுங்காலம் ஈடுபட்டு வருபவன் என்ற முறையில் இதுகுறித்துச் சிலவற்றைத் தங்கள் வாசகர்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

களத்துக்குச் செல்வோருக்கு முதலில் வேண்டியவை வாழ்க்கைத் திறன்கள், அதாவது அன்றாடச் சிக்கல்களை எதிர்கொள்ள உதவும் திறன்கள். அவை எவை என்பதில் குழப்பம் எதுவும் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 1993-ஆம் ஆண்டிலேயே பள்ளிகளுக்கான வழிகாட்டியில் பத்துத் திறன்களை வரையறுத்துத் தந்துவிட்டது. முடிவெடுத்தல், சிக்கலைத் தீர்த்தல், படைப்பாக்கச் சிந்தனை, ஆராய்ந்து சிந்தித்தல், கருத்தைத் தெளிவாகப் பரிமாறுதல், பிறரோடு நல்லுறவு பேணுதல், தன்னை அறிதல், பிறர் நிலையை உணர்தல், உணர்ச்சிகளைக் கையாளுதல், மன அழுத்தத்தைச் சமாளித்தல் என்பவையே அவை. குறை, கற்பிக்கும் முறையில்தான் இருக்கிறது. குழுவாகப் பேசியும் நடித்தும் பழகியும் கற்க வேண்டியவை என்று அந்த வழிகாட்டியே வலியுறுத்தியிருக்க, நாமோ பத்தையும் பலகையில் எழுதிப்போட்டு, குறிப்பேட்டில் எழுதச் சொல்லி, ஒரு மணி நேர உரையோடு அனுப்பிவிடுகிறோம். கேட்டுத் தெரிந்துகொண்டது பதற்றமான நேரத்தில் கைகொடுக்காது. முன்பே ஒருமுறையாவது செய்து பார்த்ததுதான் கைகொடுக்கும்.

செய்து பார்ப்பது என்று நான் சொல்வதற்கு ஓர் எடுத்துக்காட்டு தருகிறேன். நிவாரணப் பொருள் வழங்கும் இடத்தில் நெடுநேரம் வரிசையில் நின்ற முதியவர் ஒருவர், தமக்குப் பின்னால் வந்தவருக்குப் பொருள் கிடைத்துவிட்டது என்று கோபத்தில் கத்துகிறார். ஒரு மாணவி முதியவராகவும், ஒரு மாணவர் தன்னார்வலராகவும் நடிக்க வேண்டும். முதல் முறை அந்த மாணவர் பெரும்பாலும் மேசைக்குப் பின்னால் நின்றபடியே, "சத்தம் போடாதீர்கள், அமைதியாக இருங்கள்" என்பார். முதியவரின் குரல் இன்னும் உயரும். அங்கே நடிப்பை நிறுத்தி, முதியவராக நடித்த மாணவியிடம் அந்தச் சொல் எப்படி இருந்தது என்று கேட்க வேண்டும். "என் பேச்சைக் கேட்காமலே என்னைக் குற்றவாளியாக்கியது போல் இருந்தது" என்பது போன்ற பதில் வரும். இரண்டாம் முறை மாணவர் மேசையைச் சுற்றி வந்து, அருகில் நின்று, "நீங்கள் எப்போதிலிருந்து காத்திருக்கிறீர்கள், ஐயா?" என்று தொடங்குவார். யாரும் அவருக்கு அதைச் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். பிறர் நிலையை உணர்தல் என்னும் பாடம் அங்கே நடந்து முடிந்திருக்கும்.

இந்தப் பத்துத் திறன்களையும் களத்தில் ஒன்றுசேர்த்துச் சோதிப்பது மறுக்க வேண்டிய தருணம்தான் என்பது என் உறுதியான கருத்து. நாம் அறவே கற்றுத்தராததும் அதுவே. தொண்டு செய்ய முன்வரும் பிள்ளைகள் இயல்பிலேயே இளகிய மனமும் பணிவும் உடையவர்கள். எதைச் சொன்னாலும் செய்துவிடத் துடிப்பவர்கள். அந்தக் குணமே அவர்களை ஆபத்தில் கொண்டுபோய் நிறுத்திவிடும். நீரில் ஒருவர் தத்தளிப்பதைக் கண்டால், மீட்புப் பயிற்சி பெறாதவர் நீரில் இறங்கக் கூடாது; கரையில் இருந்தபடியே கம்பையோ கயிற்றையோ மிதக்கும் பொருளையோ கொடுத்து உதவ வேண்டும், உதவிக்குக் குரல் கொடுக்க வேண்டும். விதி எளியதுதான். ஆனால் கூடியிருப்போர் "குதித்துக் காப்பாற்று" என்று கூவும்போது அந்த விதிப்படி நிற்கப் பதினாறு வயதுப் பிள்ளைக்கு எவ்வளவு துணிவு வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். அறிமுகமற்ற வீட்டுக்குள் தனியே வரச் சொன்னால், கணக்கு எழுதாமல் பணத்தை வாங்கிக்கொள்ளச் சொன்னால், உதவி பெற வந்தவரின் படத்தை அவர் அனுமதியின்றி எடுக்கச் சொன்னால், மறுத்தாக வேண்டும். "இதை நான் செய்ய இயலாது, பொறுப்பாளரை அழைத்து வருகிறேன்" என்ற வாக்கியத்தை ஒவ்வொரு மாணவரும் வாய்விட்டுச் சொல்லிப் பழகியிருக்க வேண்டும். கட்டளை இடுபவர் பொறுப்பாளராகவே இருந்தாலும் அதை யாரிடம் தெரிவிக்கலாம் என்பதும் அவர்களுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

முதலுதவியையும் இதனோடு இணைத்தே கற்பிக்க வேண்டும். இதயம் நின்றுபோன பெரியவருக்கு நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, மார்பு குறைந்தது 5 சென்டிமீட்டர் தாழுமாறு அழுத்த வேண்டும் என்பதைப் பயிற்சிப் பொம்மையில் பழகிக்கொள்ளலாம். ஆனால் கூட்டத்தின் நடுவே, "யாராவது ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்" என்று பொதுவாகக் கத்தாமல், ஒருவரைச் சுட்டிக்காட்டி, "நீங்கள் கூப்பிடுங்கள், பேசிவிட்டு என்னிடம் வந்து சொல்லுங்கள்" என்று பணிக்க வேண்டும் என்பது பொம்மை கற்றுத்தராத திறன். பொதுவாகச் சொன்னால் வேறொருவர் அழைத்திருப்பார் என்று எல்லோரும் இருந்துவிடுவார்கள். தீக்காயத்தை ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும் என்று படித்த மாணவியால், பற்பசை பூசு என்று அதட்டும் மூத்தவரிடம் பணிவு குறையாமல் உறுதியாக நிற்க முடியாவிட்டால், அந்தப் படிப்பு காயம்பட்டவருக்கு எட்டாமலே போய்விடும்.

துயரில் இருப்போருக்கு ஆறுதல் சொல்வதிலும் எல்லை உண்டு. நிறைவேற்ற முடியாத வாக்குறுதி தரலாகாது. பேச விரும்பாதவரைத் துருவித் துருவிக் கேட்கலாகாது. உலக சுகாதார நிறுவனமும் பிற அமைப்புகளும் சேர்ந்து 2011-இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு, சூழலைக் கவனித்தல், காது கொடுத்துக் கேட்டல், தேவையான உதவியோடு இணைத்துவிடுதல் என்ற மூன்றோடு நின்றுவிடுகிறது. அதற்கு மேல் போவது பயிற்சி பெற்றவர்களின் வேலை. இதே அக்கறை தொண்டு முடிந்து திரும்பும் பிள்ளைகளுக்கும் உரியது. சிதைந்த வீடுகளையும் அழுத முகங்களையும் பார்த்துவிட்டு வருபவர்களைச் சான்றிதழோடு வழியனுப்பிவிடுவது முறையாகாது. பேச விரும்புவோர் பேசுவதற்கு ஒரு நேரமும், நம்பத்தக்க ஒரு பெரியவரும் வேண்டும். எல்லோரையும் வட்டமாக உட்காரவைத்து, பார்த்ததைச் சொல்லியே ஆக வேண்டும் என்று வற்புறுத்துவதும் தவறுதான். அடுத்து வரும் வாரங்களில் தூக்கமின்மை, படிப்பில் நாட்டமின்மை, ஒதுங்கியிருத்தல் போன்றவை தென்பட்டால் தகுந்த ஆலோசகரிடம் அழைத்துச் செல்ல வேண்டும்.

இவ்வளவும் பெரியவர்களின் நடத்தையைப் பொறுத்தே அமையும். மறுக்கக் கற்றுக்கொடுத்துவிட்டு, முதன்முறை மறுத்த மாணவியை "திமிர் பிடித்தவள்" என்று ஒதுக்கினால், மற்றப் பிள்ளைகள் எல்லோரும் அன்றே வாயை மூடிக்கொள்வார்கள். ஐக்கிய நாடுகள் அவை 1989-இல் ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 12-ஆம் பிரிவு, தம்மைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லும் உரிமையைப் பதினெட்டு வயது நிரம்பாதவர்களுக்கு உறுதி செய்கிறது. அந்தக் கருத்துக்கு வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ற மதிப்புத் தர வேண்டும் என்றும் கூறுகிறது. தொண்டுக் களம் அதற்கு விலக்கன்று. பணியாற்றிய மணி நேரத்தை மட்டும் கணக்கிட்டுச் சான்றிதழ் வழங்கும் பள்ளிகளும் கல்லூரிகளும், களத்துக்குச் செல்லுமுன் பழகிய சூழ்நிலைப் பயிற்சிகளையும் அதில் குறிப்பிட முன்வர வேண்டும்.

ஆண்டுதோறும் டிசம்பர் 5-ஆம் நாள் பன்னாட்டுத் தன்னார்வலர் தினமாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. அதையொட்டித் தங்கள் இதழ் ஒரு சிறு பகுதியைத் தொடங்கலாம் என்பது என் வேண்டுகோள். களத்தில் மாணவர்கள் எதிர்கொண்ட இக்கட்டான சூழ்நிலைகளை, பெயர்களைத் தவிர்த்து, வாரத்துக்கு ஒன்றாக வெளியிட்டு, "நீங்கள் அங்கே இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?" என்று கேட்டால் போதும். ஆசிரியர்கள் அதை வகுப்பில் நடிக்கவைத்துக்கொள்வார்கள். தொடக்கத்துக்குத் தேவையான சில சூழ்நிலைகளை எழுதித் தர நானும் ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகன்