சேலத்து வளைவுக்குப் பின்னால்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஸ்டுடியோ என்றாலே கோடம்பாக்கம், வடபழனி என்று எழுதிவிட்டு நிறுத்திக்கொள்கிறோம். சேலத்தை யாராவது நினைக்கிறார்களா? ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் என்ற பழைய சினிமா ஸ்டுடியோவின் நுழைவு வளைவு இன்னமும் நிற்கிறது. அதற்குப் பின்னால் இப்போது குடியிருப்புகள்.

இங்கிலாந்தில் ஜவுளித் தொழில்நுட்பம் படித்துவிட்டு வந்த டி.ஆர்.சுந்தரம், 1930களில் இதைத் தொடங்கினார். படப்பிடிப்புத் தளங்கள், ஒலிப்பதிவுக் கூடம், பிலிம் கழுவும் லேப், எடிட்டிங் அறை எல்லாம் ஒரே வளாகத்தில். ஒரு வேலைக்கும் சென்னைக்கு ஓட வேண்டியதில்லை. நடிகர்களும் எழுத்தாளர்களும் ஆலைத் தொழிலாளிகளைப் போல மாதச் சம்பளத்துக்கு வேலை பார்த்தார்கள். நேரந்தவறாமையில் முதலாளி ரொம்பக் கறார். நூறு படங்களுக்கு மேல் எடுக்க முடிந்தது அந்தக் கறாரால்தான் என்பது என் எண்ணம்.

மலையாளத்தின் முதல் பேசும் படமான 'பாலன்' (1938) இந்த நிறுவனம் எடுத்ததுதான். தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' (1956) படமும் அப்படியே. கலைஞர் மு.கருணாநிதி 'மந்திரி குமாரி'க்கு (1950) வசனம் எழுதியதும் இங்கேதான்.

1963இல் சுந்தரம் காலமானார். அப்புறம் மெல்ல மெல்ல எல்லாம் ஓய்ந்தது.

சரி, ஸ்டுடியோ திரும்பி வராது. அந்த வளைவுக்குப் பக்கத்தில், உள்ளே என்னவெல்லாம் இருந்தது என்று சொல்லும் ஒரு கல்வெட்டாவது வைக்கலாமே. வளைவின் முன்னால் நின்று செல்ஃபி எடுப்பவர்கள் படித்துவிட்டுப் போகட்டும்.

இப்படிக்கு,
ஒரு சினிமா ரசிகர்