அம்மா, இங்கே நான் நன்றாகத்தான் சாப்பிடுகிறேன்

ஷியாமென், சீனா,
ஞாயிறு இரவு

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். நீயும் அப்பாவும் தம்பியும் நலமா? அப்பாவின் முழங்கால் வலி இப்போது தேவலையா?

போனில் எப்போது பேசினாலும் "என்னதான்டி சாப்பிடுறே அங்க?" என்று கேட்கிறாய். ரெண்டு வார்த்தையில் பதில் சொன்னால் உனக்கு நம்பிக்கை வருவதில்லை. அதனால் இந்தச் சனி, ஞாயிறில் சாப்பிட்டது, குடித்தது எல்லாவற்றையும் எழுதுகிறேன். அத்தைக்கும் படித்துக் காட்டு.

சனிக்கிழமை காலை ஆய்வகத் தோழியோடு எட்டாவது சந்தைக்குப் போனேன். ஊரின் பழைய பகுதியில் இருக்கும் மீன் சந்தை அது. நீ வந்தால் வீடு திரும்ப மனசே வராது. ஐஸில் கிடக்கும் மீனைவிட, தொட்டித் தண்ணீரில் உயிரோடு இருப்பதுதான் அதிகம். நண்டு, இறால், பெயர் தெரியாத எத்தனையோ வகைச் சிப்பிகள். ஒரு பெண் தாழ்வான முக்காலியில் உட்கார்ந்து, சின்னக் கத்தியால் சிப்பியை நெம்பித் திறந்து, சதையை மட்டும் கிண்ணத்தில் தள்ளிக்கொண்டிருந்தார். பக்கத்துக் கடைக்காரரோடு பேச்சு ஓடுகிறது, கண் கையின் பக்கமே போகவில்லை, கத்தி மட்டும் தவறவில்லை. நண்டைத் திருப்பி வயிற்றை அழுத்திப் பார்த்து, விலையைக் குறைக்கச் சொல்லி மல்லுக்கட்டும் அம்மாக்களைப் பார்க்கும்போது அக்கரைப்பேட்டை மீன் துறையில் நிற்கிற மாதிரியே இருந்தது.

அங்கிருந்து பக்கத்துச் சந்தில் ஷாச்சா நூடுல்ஸ் சாப்பிடப் போனோம். இதைத்தான் உனக்கு விவரமாகச் சொல்ல வேண்டும். ஷியாமென் இருக்கும் ஃபூஜியான் மாகாணத்துச் சமையலில் காரம் கம்மி, கொஞ்சம் தித்திப்பாகவே இருக்கும். வந்த புதிதில் எனக்கு எதுவும் நாக்கில் ஒட்டவில்லை. இந்த ஒரு கிண்ணம்தான் என்னைக் காப்பாற்றியது. நிலக்கடலை, காய்ந்த இறால், பூண்டு, மிளகாய் எல்லாம் சேர்த்து அரைத்த விழுதைக் கரைத்துக் கொதிக்கவைத்த குழம்பு. கடை வாசலில் தட்டுத் தட்டாகக் கணவாய், இறால், மீன் உருண்டை, ஈரல், பொரித்த டோஃபு என்று வைத்திருப்பார்கள். நமக்கு வேண்டியதைக் கை காட்டினால் நூடுல்ஸோடு குழம்பில் போட்டுத் தருவார்கள். எதை எடுத்தோமோ அதற்கு மட்டும்தான் காசு. நான் எப்போதும் டோஃபுவும் கணவாயும்தான். டோஃபு குழம்பை முழுக்க உறிஞ்சிக்கொண்டிருக்கும், கடித்தால் வாய் சுடும். இறால் கருவாட்டு வாசனை மூக்கில் ஏறியதும் உன் அடுப்படி ஞாபகம் வந்துவிடும்.

இந்த விழுது இங்கே எப்படி வந்தது தெரியுமா? மலாயாவுக்கும் இந்தோனேசியாவுக்கும் பிழைக்கப் போன இந்த ஊர்க்காரர்கள் அங்கே சாத்தே, அதாவது குச்சியில் குத்திச் சுட்டுக் கடலைக் குழம்போடு தரும் இறைச்சி, சாப்பிட்டுப் பழகி, அதன் ருசியைத் தங்கள் ஊருக்குக் கொண்டுவந்தார்கள். தாத்தா நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் பினாங்கு போனாரே, அதே பினாங்குக்கு இந்தக் கரையிலிருந்தும் ஆட்கள் போயிருக்கிறார்கள். தாத்தா வேலை பார்த்த தெருவில் இந்த ஊர்க்காரர்களும் இருந்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருக்கிறது. நான் படிக்கும் பல்கலைக்கழகத்தை 1921-இல் தொடங்கிய டான் கா கீயும் சிங்கப்பூரில் ரப்பர் வியாபாரம் செய்து சம்பாதித்தவர்தான்.

சாயங்காலம் ஷாபோவெய்க்கு நடந்தோம். பல்கலைக்கழகத்துக்குப் பக்கம். முன்பு மீன்பிடிப் படகுகள் ஒதுங்கிய இடம், இப்போது சுற்றிலும் காபிக் கடைகள். இங்கே காபி என்றால் அநேகமாக ஐஸ் காபிதான். தேங்காய்ப் பால் சேர்த்த லாத்தே எங்கே பார்த்தாலும் கிடைக்கும். நாடு முழுக்கக் கடை வைத்திருக்கும் லக்கின் காபிக்கு இந்த ஊர்தான் தலைமையகம். போனிலேயே ஆர்டர், போனிலேயே பணம், தள்ளுபடிக் கூப்பன் இருந்தால் 10 யுவானுக்குள் முடிந்துவிடும். நம்மூர் டிகிரி காபியின் கெட்டி இதில் கிடையாது. ஆனாலும் யுன்னான் மலையில் விளைந்த கொட்டையை வறுத்து, வடிகட்டிக் கொடுக்கும் சின்னக் கடை ஒன்று இருக்கிறது. அங்கே ஜன்னலோரம் உட்கார்ந்தால் பாடக் குறிப்பு வேகமாக எழுத வருகிறது. ஆனால் அம்மா, படகே இல்லாத துறையைப் பார்த்துக்கொண்டு காபி குடிப்பது எனக்கு மனசுக்கு ஒப்பவில்லை. கடை நன்றாகத்தான் இருக்கிறது. வலை உலர்த்தியவர்களுக்கும் அங்கே ஓர் ஓரம் விட்டிருக்கலாம்.

இன்று காலை ரயிலேறி ச்சுவான்சோ போனோம், தோழியின் சொந்த ஊர். முதலில் மியென்ஷியென் ஹூ. நூல் போன்ற மெல்லிய கோதுமைச் சேமியாவைக் கரையக் கரைய வேகவைத்த கஞ்சி. சிப்பி போட்டுக்கொண்டோம். பொரித்த மாவுக் குச்சியை அதில் முக்கிச் சாப்பிட வேண்டும். காய்ச்சல் வந்தால் நீ கொடுக்கும் கஞ்சி மாதிரி அவ்வளவு இதம். அப்புறம் கடல்பாசியில் செய்த குளிர்ந்த கூழ், மேலே தேன்.

கடைத்தெருவை ஒட்டியே கைய்யுவான் கோயில், 686-இல் தொடங்கிய புத்தர் கோயில். பெரிய மண்டபத்தின் பின்பக்கம் இரண்டு கல்தூண்களில் நம் திருமால் கதைகள் செதுக்கியிருக்கின்றன! இங்கே ஒரு காலத்தில் இருந்து அழிந்த இந்துக் கோயிலின் தூண்களாம். 1281-இல், சித்திரை மாதம், சம்பந்தப் பெருமாள் என்பவர் சிவனைப் பிரதிஷ்டை செய்ததாகச் சொல்லும் தமிழ்க் கல்வெட்டு கிடைத்ததும் இந்த ஊரில்தான். தூணைத் தொட்டுப் பார்க்க ஆசை, தொடக் கூடாது. அப்படியே நின்று கும்பிட்டேன். தெருவில் பெண்கள் கொண்டையைச் சுற்றி வட்டம் வட்டமாகப் பூ வைத்திருந்தார்கள். ஷுன்பூ என்ற மீனவ ஊரின் பெண்களுடைய வழக்கமாம், இப்போது சுற்றுலா வருகிறவர்களும் காசு கொடுத்து வைத்துக்கொள்கிறார்கள். நானும் வைத்துக்கொண்டேன். படம் தம்பிக்கு அனுப்பியிருக்கிறேன், பார்.

மதியம் தோழியின் பாட்டி வீட்டில் டீ. ஆன்ஷி மலையில் விளையும் தியெகுவான்யின் என்ற டீ வகை. பாலும் இல்லை, சர்க்கரையும் இல்லை. முதல் தண்ணீரை ஊற்றிக் குவளைகளை அலசிக் கொட்டிவிட்டார். அடுத்ததை ஒரு குவளையை நிரப்பிவிட்டு இன்னொன்றுக்குப் போகாமல், எல்லாக் குவளைக்கும் மேலே சுற்றிச் சுற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார். அப்போதுதான் யாருக்கும் திடம் கூடாது, குறையாது. குவளை ரெண்டு வாய்க்குத்தான் காணும், காலியானதும் மறுபடி நிரம்பிவிடும். விரலால் மேசையைத் தட்டி நன்றி சொல்ல வேண்டும். பாட்டி பேசியது முழுக்க இந்தப் பக்கத்து மின்னான் மொழி, எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் நான் மெலிந்திருக்கிறேன் என்று அவர் சொன்னதைத் தோழி மொழிபெயர்ப்பதற்கு முன்பே, என் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்த விதத்திலேயே தெரிந்துவிட்டது. கிளம்பும்போது ஒரு பொட்டலம் டீத்தூளும் கொடுத்துவிட்டார். அது உனக்கு.

பாட்டிக்கு நம் மீன் குழம்பு செய்து கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறேன். அடுத்த மாதம் சீனியர் அக்கா ஊருக்கு வருகிறார்கள். குழம்புப் பொடியும் ஒரு உருண்டைப் புளியும் அவர்களிடம் கொடுத்தனுப்பு. காரம் பாதியாக அரை. மாங்காய் போடும்போது புளியை எவ்வளவு குறைக்க வேண்டும் என்று மறக்காமல் எழுதி வை.

உன் மகள்