முதலில் காப்பாட்சியர், அப்புறம் கட்டடம்

ஆசிரியருக்கு வணக்கம்.

வடசென்னைக்கென்று ஓர் அருங்காட்சியகம் வேண்டும் என்று பலர் சொல்கிறார்கள், எனக்கும் அந்த ஆசை உண்டு. ஆனால் பேச்செல்லாம் இடம் எங்கே, எத்தனை மாடி என்றே போகிறது. உள்ளே என்ன இருக்கும், அதை யார் தேடிச் சேர்ப்பார்கள் என்பதைப் பற்றி மூச்சே இல்லை. கட்டடத்துக்கு வரைபடம் போடும் முன்பே, பொருள்களைத் தேடிச் சேர்த்துப் பாதுகாக்கும் தலைமைக் காப்பாட்சியரை நியமிக்க வேண்டும்.

எழும்பூர் அருங்காட்சியகமே அப்படி வளர்ந்ததுதான். 1851இல் எட்வர்ட் பால்ஃபர் என்ற மருத்துவர் பொறுப்பேற்று, சென்னை இலக்கியச் சங்கம் கொடுத்த கற்களையும் கனிமங்களையும் வைத்து ஆரம்பித்தார். இப்போதிருக்கும் பாந்தியன் வளாகத்துக்கு மாறியது அப்புறம், 1854இல்தான்.

இங்கே அவசரத்துக்குக் காரணம் இருக்கிறது. பெரம்பூரில் இருந்த பின்னி துணி ஆலை 1996இல் மூடப்பட்டது. 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது அந்த ஆலைத் தொழிலாளர்களை வைத்துத்தான், திரு.வி.க. அதில் முன்னின்றார். அங்கே கடைசியாக வேலை பார்த்தவர்களுக்கு வயதாகிவிட்டது. அவர்கள் வீட்டு டிரங்குப் பெட்டிகளில் சங்க ரசீதும் வேலை அட்டையும் இருந்தால் இன்று அவர்களே எடுத்துக் காட்டி விளக்குவார்கள், நாளைக்கு அது பேரப்பிள்ளைகளுக்குப் பழைய பேப்பர். காசிமேட்டில் எந்த மீனுக்கு எந்த வலை, கட்டுமரத்தை எப்படிப் பிணைத்தார்கள் என்று கைப்பழக்கமாகத் தெரிந்தவர்களும் அப்படித்தான் குறைந்துகொண்டே வருகிறார்கள். வீடு வீடாகப் போய் உட்கார்ந்து, பொருள் யாருடையது, எப்படிப் பயன்பட்டது, அன்பளிப்பாகத் தருகிறாரா இரவலாகவா என்று எழுதி வாங்கிப் பதிவேட்டில் ஏற்றுவதுதான் காப்பாட்சியரின் முதல் வேலை. இதைச் செய்யாமல் அள்ளிக்கொண்டு வந்து கண்ணாடிப் பெட்டியில் வைத்தால் ‘இரும்புக் கருவி, பெரம்பூர்’ என்று ஒரு அட்டைதான் மிஞ்சும்.

இன்னொன்று, இது கடலோரம். உப்புக்காற்றும் ஈரமும் இரும்பையும் வெண்கலத்தையும் அரித்துவிடும், துணியும் காகிதமும் பூஞ்சை பிடிக்கும். எழும்பூரில் 1930இலேயே வேதியியல் பாதுகாப்புக்கென்று ஆய்வுக்கூடம் அமைத்தார்கள். நாமும் அதற்கு ஆளும் பணமும் முதல் நாளிலிருந்தே ஒதுக்க வேண்டும், திறப்பு விழா முடிந்து பார்த்துக்கொள்ளலாம் என்ற கதை வேண்டாம்.

யாரை நியமிப்பது? அருங்காட்சியகவியல் படித்தவராக இருக்கட்டும், அதில் சமரசம் கூடாது. ஆனால் ராயபுரத்திலும் வியாசர்பாடியிலும் திண்ணையில் உட்கார்ந்து பேசத் தெரிந்தவராகவும் இருக்க வேண்டும். எழும்பூரில் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் மக்களின் மூக்கையும் தலையையும் கருவி வைத்து அளந்து குறித்துக்கொண்டார். அந்தக் காலத்தில் அதற்கு அறிவியல் என்று பெயர். எங்கள் ஜனங்களை இன்னொரு தடவை அப்படி யாரும் வெளியிலிருந்து அளக்கக் கூடாது. கானாவும் குத்துச்சண்டையும் கேரமும் உள்ளே வரும்போது அவற்றைப் பாடியவர்களும் ஆடியவர்களும் காப்பாட்சியருடன் தேர்வுக் குழுவில் உட்கார வேண்டும். விளக்க அட்டைகளை முதலில் தமிழில் எழுதி, பொருளைக் கொடுத்தவருக்குப் படித்துக் காட்டி, அவர் சரி என்று சொன்ன பிறகே மாட்ட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பழைய வண்ணாரப்பேட்டை