பொருள்: செத்து வந்த பூச்சி செல்லுக்கு முழு பில், பதில் சொல்ல ஆளில்ல

வணக்கம் சார்,

தென்னாப்பிரிக்கா டர்பன்ல சின்ன லேப் எங்களோடது. மருந்துக்கான ஆன்டிபாடி பண்றதுக்காக உங்ககிட்ட சுகர் பாத்வே (புரதத்துல சுகர் ஒட்டுற வழி) மாத்தின எஸ்எஃப்9ங்கிற பூச்சி செல் வாங்கினோம். பெட்டிய பிரிச்சா டிரை ஐஸ் ஒரு துண்டு கூட இல்ல, லேபிள் மை நனைஞ்சு வழிஞ்சு லாட் நம்பரே தெரியல, வயல (செல் இருக்கிற குட்டி பாட்டில) ஆட்டினா உள்ள குலுங்குது. உறைஞ்சு கல்லு மாதிரி வரவேண்டிய சாமான் சார் அது! சரின்னு டிரைப்பன் ப்ளூ, அதான் செத்த செல்ல நீலமாக்குற சாயம், போட்டுப் பாத்தா அத்தனையும் நீலம், உசிரோட ஒண்ணு கூட இல்ல.

போன் பண்ணா உங்க ஆளு ஒருத்தர் கேக்குறாரு, "37 டிகிரி சிஓ2 இன்குபேட்டர்ல வெச்சீங்களா, உங்களுக்கு செல் வளக்கத் தெரியலம்மா"ன்னு. ஏங்க, இது பூச்சி செல்லுங்க, படைப்புழுவோட சினைப்பைல இருந்து எடுத்தது, 27 டிகிரி போதும், சிஓ2வே வேணாம், உங்க பெட்டில வந்த பேப்பர்லயே போட்டிருக்கு. அத சொன்னதும் "எனக்கு பாடம் எடுக்காதீங்க"ன்னு கட் பண்ணிட்டாரு. விக்கிற சாமான் என்னன்னு விக்கிறவனுக்கே தெரியாதா?

பெட்டி வர்றதுக்கு முன்னாடி, இங்க கிங் ஷாகா ஏர்போர்ட்டுக்கு வாங்கன்னு மெசேஜ் போட்டதும் நீங்கதான். நைட்ரஜன் டேங்க வண்டில கட்டி எடுத்துட்டுப் போனா பெட்டி ஜோபர்க்லயே (ஜோகன்னஸ்பர்க்) கிடக்குதாம், பர்மிட் காப்பி இல்லையாம். ஆர்டரோடவே அனுப்பினோமே அத! வெயில்ல நின்னு வெறுங்கையோட திரும்பினோம், ஐஸ் ஆவியாப் போனதும் அந்த ஜோபர்க் கிடப்புலதான்.

இன்னொரு மேடம், அவங்க பரவால்ல, மரியாதையாதான் பேசினாங்க, ஆனா "சாதா எஸ்எஃப்9 தர்றோம், எல்லாம் ஒண்ணுதான்"ங்கிறாங்க. எப்படிங்க ஒண்ணு? சாதா பூச்சி செல் ஆன்டிபாடில மேனோஸ்ங்கிற சுகரோட குட்டையான சங்கிலிதான் ஒட்டும், கேலக்டோஸ், சியாலிக் ஆசிட் மாதிரி மத்த சுகர்லாம் வராது. உடம்புல அது எப்படி வேலை செய்யும்ங்கிறதே அந்த சுகர வெச்சுதான். அதுக்குத்தானே கூட காசு குடுத்தோம்?

ஆன்டிபாடி ஜீன செல்லுக்குள்ள கொண்டு போற பேக்குலோவைரஸ் ஸ்டாக் ரெடியா கிடக்கு, போட செல் இல்ல. எங்க ப்ராஜெக்ட்டே மண்ணாப் போச்சு.

தயவுசெஞ்சு டிரை ஐஸ் நிறைய போட்டு புது வயல் அனுப்புங்க, இல்லன்னா முழுப் பணத்தையும் திருப்புங்க. இந்த வாரத்துக்குள்ள நடக்கலன்னா போட்டோவோட நேஷனல் கன்ஸ்யூமர் கமிஷனுக்குப் போயிடுவேன், சும்மா மிரட்டல்னு நினைக்காதீங்க. பதில் மெயில்லயே போடுங்க சார், போன்னா மறுபடி அந்த ஆளே எடுப்பாரு.